மான்மயிர்த் தவளை

காட்பாடியைக் கடந்து திருப்பதி நோக்கிச் செல்லும் இரயிலில் உறங்காமல் வருவோர்க்கு மட்டுமே பாகாலா சந்திப்பு தெரிந்திருக்கும். தருமவரம் செல்லும் பாதை இங்கேதான் பிரிகிறது. மீட்டர் கேஜ் நாளில் நம் தந்தையார் அப்பாதையில் கார்டாகப் பணியாற்றி ஓய்வு பெற்றார். 1960 ஏப்ரல் முதல் நாள் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்தது. பாகாலா ஆந்திரத்தில் நின்றுவிட்டது. 2022இல் மாவட்டங்களைப் பிரித்தபோது சித்தூரிலிருந்து எடுத்துத் திருப்பதி மாவட்டத்தில் வைத்தார்கள். வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்குமாக நாம் பேசிவருவதை மட்டும் எந்த அரசாணையும் இதுவரை மாற்றவில்லை.

இவ்வூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரியும் நாம், நாற்பத்தேழாம் வயதில் மான்மயிரால் தவளை கட்டக் கற்றுக்கொண்டோம். சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு மடல் வந்தபோது இதைத் தவிர எழுதத் தக்கதாக வேறொன்றும் நம்மிடம் இல்லை. படிப்பவர் பலர் கடல் கடந்து வாழ்பவர் என்பதால், இதைச் சொல்வதில் ஒரு பொருத்தமும் இருக்கக்கூடும்.

2021 மே மாதம் பெருந்தொற்றில் நம் அன்னையார் மறைந்தார். நம் தமக்கை அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறார். 2020 மார்ச்சில் நின்ற வழக்கமான பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் 27ஆம் நாள்தான் மீண்டும் பறக்கத் தொடங்கின. இடையில் சிறப்பு விமானம் ஒன்றில் இடம் பிடிக்க அவர் பட்ட பாட்டை நாம் அறிவோம். கைப்பேசியை ஒருவர் உயர்த்திப் பிடிக்க, அன்னையின் இறுதிச் சடங்கைத் தமக்கை அங்கிருந்தே பார்த்தார். மறுநாள் தொலைபேசியில் அழுதபோது தந்தையார், "நீ அங்கயே இரும்மா" என்று மட்டும் சொல்லிக் கருவியை நம்மிடம் கொடுத்துவிட்டார். சினமா, துயரமா என்று கேட்கும் துணிவு நமக்கு இல்லை. அதன்பின் ஓராண்டுக்கு மேலாக ஞாயிறுதோறும் தமக்கை அழைப்பார். தந்தையார் "ம்" என்பார். எஞ்சிய நேரத்தை நாம் மழை, விலைவாசி, பஞ்சப்படி ஆகியவற்றைப் பேசி நிரப்புவோம்.

2022 ஜூன் மாதம் தமக்கை பதின்மூன்று வயது மகனோடு வந்திறங்கினார். பையனுக்குத் தமிழ் கேட்டால் பாதி புரியும், பேச வராது. தாத்தா திண்ணையில் அமர்ந்திருப்பார். பேரன் எதிரே அமர்ந்திருப்பான். இருவருக்கும் நடுவே காப்பி ஆறிக்கொண்டிருக்கும். தமக்கையோ சமையலறையை விட்டு வெளியே வரமாட்டார்.

மூன்றாம் நாள் பையன் தன் பெட்டியிலிருந்து ஒரு சிறு வைஸ் எடுத்துத் தாத்தாவின் பழைய மேசை விளிம்பில் பொருத்தினான். அதன் வாயில் ஒரு தூண்டில் முள்ளைக் கவ்வவிட்டான். நூற்கண்டு, கத்தரி, சீப்பு, சவர பிளேடு, பச்சையும் வெளிர் மஞ்சளுமாகச் சாயமேற்றிய மயிர்த் தோல் துண்டுகள் ஆகியவற்றை வரிசையாகப் பரப்பினான். என்ன செய்கிறான் என்று நமக்கிருந்த பி.ஏ. ஆங்கிலத்தில் வாக்கியத்தை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு போய்க் கேட்டோம். தவளை செய்கிறானாம். அவன் ஊர் ஏரியில் 'பாஸ்' என்னும் மீனைப் பிடிப்பதற்காம். மயிர் மானின் மயிராம்.

மான் என்ற சொல் காதில் விழுந்ததும் நமக்கு வியர்த்தது. கவரிமானைப் பற்றிப் பள்ளிப் பேச்சுப் போட்டியில் முழங்கிப் பரிசு வாங்கியவர் நாம். எனினும் அப்பொழுது நினைவுக்கு வந்தது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமே. அன்றிரவே அட்டவணைகளைத் தேடிப் படித்தோம். நம் புள்ளிமானும் கடமானும் அவற்றில் இருந்தன. பொட்டலத்தில் அச்சிட்டிருந்த அமெரிக்க வெண்வால் மானைக் காணோம். அந்நாட்டில் உரிய பருவத்தில் உரிமம் பெற்று வேட்டையாடுவோர் விட்ட தோலிலிருந்து எடுத்ததென்று பையன் விளக்கினான். அப்படியும் நாம் அவற்றை இரவுதோறும் பீரோவில் வைத்துப் பூட்டினோம். அரசு ஊழியன் உறங்க வேண்டுமல்லவா?

மறுநாள் முதல் நாம் மாணவர், அவன் ஆசிரியன். மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுத்தர வேண்டுமா என்பார்கள். இங்கே குஞ்சு நமக்குக் கற்றுத்தந்தது. நம் தலைமயிர் போன்றதன்று மானின் உடல்மயிர். அதன் உள்ளே தேன்கூடு போல் நுண்ணிய காற்றறைகள் நிறைந்திருக்கின்றன. பனிக்காலக் குளிரைத் தாங்க இயற்கை மானுக்களித்த போர்வை அது. காற்று நிறைந்திருப்பதால்தான் நீரில் மிதக்கிறது. மென்மையாயிருப்பதால்தான் நூல் அழுத்தும் இடத்தில் மடங்கி விரிகிறது. பென்சில் பருமனுக்கு ஒரு கற்றையைத் தோலோடு ஒட்ட வெட்டி, அடியிலுள்ள பஞ்சு மயிரைச் சீப்பால் வாரி அகற்ற வேண்டும். அகற்றாவிட்டால் கற்றை விரியாது. பின்னர் முள்ளின் தண்டின்மேல் வைத்து நூலைத் தளர்வாக இருமுறை சுற்ற வேண்டும். மூன்றாம் சுற்றில் நூலை இறுக்கிக்கொண்டே, கற்றையைப் பிடித்திருக்கும் விரல்களை விட்டுவிட வேண்டும். அந்தக் கணத்தில் மயிர் குடை விரிவதுபோல் தண்டைச் சுற்றிலும் சுழன்று விரிகிறது. அதை விரலால் பின்னுக்குத் தள்ளி நெருக்கிவிட்டு, அடுத்த கற்றை, அதன்பின் அடுத்தது. முள் முழுவதும் நிறைந்தபின் பார்த்தால் பாட்டில் கழுவும் தூரிகை போலிருக்கும். தவளை அதற்குள்தான் இருக்கிறது; பிளேடால் செதுக்கி வெளியே எடுக்க வேண்டும்.

நமக்கு விரல்களை விடத்தான் வரவில்லை. கோப்புக்கு டேக் கட்டுவதில் இருபத்திரண்டு ஆண்டு அனுபவம் நமக்கு. தாள்களை இறுகப் பிடித்துக்கொண்டு இறுகக் கட்டுவதே அங்கு முறை. மயிர்க்கற்றையையும் அப்படியே பிடித்துக் கட்டினோம். அது முள்ளின் ஒரு பக்கத்தில் துடைப்பக்கட்டை போல நின்றது. "விடு மாமா, விடு" என்பான் பையன். அச்சொல் அவனுக்குத் தமிழில் தெரிந்திருந்தது. விட்டால் நூலையும் சேர்த்து விட்டோம். மயிர் மேசையெங்கும் பறந்தது. இரண்டு நாளில் நாம் கட்டிய இரண்டு தவளைகளையும் தவளை என்று பெருந்தன்மையோடுதான் சொல்ல வேண்டும்.

இக்கலையின் பழமையைப் பின்னர் தேடிப் படித்தோம். வில்லியம் பார்ட்ராம் என்னும் தாவரவியலார் 1791இல் வெளியிட்ட பயண நூலில், புளோரிடாப் பகுதியில் மீன் பிடித்த முறை ஒன்றை விவரித்திருக்கிறார். மூன்று தூண்டில் முட்களை முதுகோடு முதுகாகக் கட்டி, மானின் வால்மயிர், சிவப்புத் துணிக் கிழிசல், பல நிற இறகுகள் ஆகியவற்றால் மூடி, நீண்ட கழியில் தொங்கவிட்டு நீர்ப்பரப்பைத் தொட்டும் தொடாமலும் ஆட்டுவார்களாம். 1881இல் கரும்பாஸ் மீனைப் பற்றித் தனி நூலே எழுதிய ஜேம்ஸ் ஹென்ஷால் என்னும் மருத்துவரின் பெயரால் ஒரு மான்மயிர்ப் பூச்சி இன்றும் வழங்குகிறது. நம் பக்கத்திலும் இவ்விருப்பம் உடையோர் இருந்திருக்கின்றனர். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்தியத் தூண்டிலைப் பற்றியும், 1887இல் நம் ஏரி குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றியும் நூல்கள் எழுதினார். நீலகிரியில் 1907இல் அவலாஞ்சியில் டிரவுட் மீனுக்குக் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். அந்த மீனுக்கு இறகால் கட்டிய ஈயே தூண்டிலிரை. அந்த ஈக்களில் மிக விலை பெற்றது நம் மலைகளில் திரியும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகு. மெழுகுப் பொட்டுப் போன்ற புள்ளிகள் கொண்ட அவ்விறகு கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. இன்று அக்கோழியைப் பிடிப்பது குற்றம்; நன்று.

மூன்றாவது தவளையை நாம் செதுக்கிக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. தந்தையார் கைநீட்டி அதை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் புரட்டிப் பார்த்தார்.

"இதுக்குக் கால் எங்கடா? கால உதைக்காத தவளைய எந்த விரால் நம்பும்?"

ஓராண்டில் அவர் பேசிய நீண்ட பேச்சு அதுதான். பையனுக்கு 'கால்' புரிந்தது, மற்றவை புரியவில்லை. உள்ளே நோக்கி அம்மாவை அழைத்தான். தமக்கை கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றார். தந்தையார் அவரைப் பார்க்கவில்லை. தவளையையே பார்த்துக்கொண்டு, "அவங்கிட்ட சொல்லு, பின்னங்கால் ரெண்டும் நீளமா, தளர்வா இருக்கணும்னு" என்றார். தமக்கை சொன்னார். பையன் பெட்டியைக் கிளறி ரப்பர் இழைகளை எடுத்தான். அவற்றைக் கால்களாக வைத்துக் கட்டுவதும் அக்கலையில் உண்டாம். நம் தரத்தைக் கண்டு அதுவரை சொல்லாதிருந்திருக்கிறான்.

அன்றிலிருந்து பத்து நாள்களுக்குத் தந்தையாரின் சொற்கள் யாவும் தமக்கையின் வழியாகவே பையனிடம் சென்றன. சொல்ல அவருக்கு நிறைய இருந்தது. இளமையில் பணி ஓய்ந்த நாள்களில் மூங்கில் கழியோடு ஏரிக்கரைக்குப் போனவர் அவர். உயிருள்ள தவளையின் முதுகுத் தோலில் முள்ளை ஏற்றி, அல்லி இலைகளின் இடைவெளியில் எட்டி எட்டி வைப்பார். அதைக் கேட்டுப் பையன் முகம் சுளித்தான். தமக்கை அச்சுளிப்பை மொழிபெயர்க்கவில்லை. பார்ட்ராம் எழுதிய கழிக்கும் நம் தந்தையின் கழிக்கும் வேறுபாடு இரையில் மட்டுமே என்று நமக்குத் தோன்றியது.

இரண்டு மீன்களின் ஒற்றுமையைச் சொல்லியாக வேண்டும். சங்க நூல்களில் வரால் என்று வருவதும், தமிழில் விரால் என்றும் இவ்வூர்த் தெலுங்கில் கொர்ரமீனு என்றும் வழங்குவதுமான நம் மீன் வேறு குடும்பம்; பாஸ் வேறு குடும்பம். ஆனால் இரண்டும் பாசியும் கொடியும் அடர்ந்த நீரில் பதுங்கி நிற்பவை. அருகில் வந்த தவளையை வாய் பிளந்து விழுங்குபவை. விரால் மூச்சுக்காக நீர்மேல் வந்து காற்றைக் குடித்துச் செல்லும். அப்போது எழும் வளையத்தைக் கொண்டே இருப்பிடம் அறியலாம். தந்தையார் இதைச் சொல்ல, தமக்கை மொழிபெயர்க்க, பையன் தன் பங்குக்கு அவன் மாநிலத்தின் பெருமையைச் சொன்னான். 1932இல் ஜார்ஜ் பெர்ரி என்னும் குடியானவர் ஜார்ஜியாவில் 22 பவுண்டு 4 அவுன்சு எடையுள்ள பாஸைப் பிடித்தாராம். தந்தையார் அதைக் கிலோவுக்கு மாற்றச் சொன்னார். பத்துக் கிலோ என்றதும், "பொய் சொல்றான்னு சொல்லு" என்றார். தமக்கை ஓராண்டுக்குப் பின் சிரித்ததை அன்று கண்டோம்.

2021 நவம்பர் மழையை இப்பகுதியார் மறந்திருக்க முடியாது. திருப்பதிப் பக்கத்து இராயலசெருவு உடையும் என்றஞ்சி ஊர்களைக் காலி செய்த மழை அது. அந்த ஆண்டு நிரம்பிய ஏரிகளில் அடுத்த கோடையிலும் நீர் நின்றது. தந்தையார் ஒருவரை அனுப்பிக் குத்தகைதாரரிடம் அனுமதி பெற்றார். விடியற்காலையில் நால்வரும் தாமல்செருவுச் சாலை வழியே ஏரிக்குச் சென்றோம். மாங்காய் ஏற்றிய வண்டிகள் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்தன.

பையனின் கோல் நான்காகக் கழலும். நாம் அறிந்த தூண்டிலில் இரையின் எடை நரம்பை இழுத்துச் செல்லும். மயிர்த்தவளைக்கு எடையே இல்லை. எனவே நரம்பைத் தடிமனாகச் செய்து, அதன் எடையால் தவளையைக் கொண்டு செல்கிறார்கள். அவன் வீசியபோது தலைக்குப் பின்னால் நரம்பு நீண்டு, ஒரு கணம் தயங்கி, முன்னோக்கி உருண்டு விரிந்தது. தவளை இலையோரம் மெல்ல விழுந்தது. தந்தையார் கரையில் குந்தியிருந்து, "இழுக்காதே, இரு. வளையம் அடங்கட்டும்" என்பார். சொல் தமக்கையின் வாயில் ஆங்கிலமாகிச் சேரும்போது வளையம் அடங்கியிருக்கும்.

இரண்டாம் நாள் கோரைப்புல்லின் ஓரத்தில் நீர் செந்நிறமாகக் கொதிப்பதுபோல் தெரிந்தது. விரால் பார்ப்புகள், நூற்றுக்கணக்கில் பந்தாகத் திரண்டு மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. அடியில் பெரிய மீன் இருக்கும் என்று பையனுக்கும் தெரியும். அவன் கோலைத் தாழ்த்திவிட்டான். அவன் ஊரில் கூட்டைக் காப்பது ஆண் பாஸ். அதைப் பிடித்துவிட்டால் சிறு மீன்கள் வந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். ஆதலால் அவன் வீசமாட்டானாம். தமக்கை இதைத் தமிழில் சொன்னார். தந்தையார் நீரைப் பார்த்தபடி இருந்தார்.

"இங்க ரெண்டும் நிக்கும். ஒண்ணு போயிட்டா மத்தது நிக்கும்."

தமக்கை அதை மொழிபெயர்க்கத் தொடங்கி நிறுத்திவிட்டார். பிறகு அவருக்கு அருகில், கரையின் ஈர மண்ணில், புடவையைப் பற்றிக் கவலைப்படாமல் அமர்ந்தார். "விமானம் கெடைக்கலப்பா" என்றார். "தெரியும்மா" என்றார் தந்தையார். பையன் நம்மைப் பார்த்தான். நமக்கும் ஆங்கிலம் வரவில்லை.

நான்காம் நாள் பையனின் தவளையை விரால் எடுத்தது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறையாது. கரைக்குக் கொணர்ந்ததும் சர்ச்சை எழுந்தது. அவனுக்கு மீனை விட்டுவிடும் பழக்கம், "திங்காத மீன எதுக்குப் புடிக்கணும்?" என்பது தாத்தாவின் கட்சி. இருதரப்பு வாதமும் தமக்கையின் வழியே போய்வந்துகொண்டிருந்தபோது, மொழிபெயர்ப்பு முடிவதற்குள் விரால் துள்ளி நீருக்குள் போய்த் தீர்ப்பை எழுதிவிட்டது. நாம் கட்டிய மூன்றாவது தவளையும் ஒரு மீனைக் கவர்ந்தது என்பதை அடக்கத்தோடு பதிவு செய்கிறோம். அது சிறியது, குழம்பாயிற்று. அன்னையாரின் மண்சட்டியைப் பரணிலிருந்து இறக்கியவர் தமக்கை.

அவர்கள் ஜூலையில் திரும்பினர். வைஸையும் எஞ்சிய மயிரையும் பையன் நமக்கு விட்டுச் சென்றான். ஆறு தவளைக்குத்தான் மயிர் கண்டது. அதன்பின் மாற்றுப் பொருள் தேடி நாம் செய்த ஆய்வுகள் பல. வெள்ளாட்டு மயிரில் கட்டியது வாளித் தண்ணீரில் போட்டவுடன் மூழ்கிற்று. தேங்காய் நார் விரிந்தது. ஆயின் சிறிது நேரத்தில் நீர் குடித்துக் கனத்தது. தந்தையார்தான் ஒருநாள், "நெட்டியில செஞ்சு பாரேன்" என்றார். மாட்டுப்பொங்கலுக்கு மாட்டுக் கழுத்தில் மாலையாகத் தொங்கும் அதே நெட்டி, ஏரி நீரிலேயே வளரும் செடியின் தண்டு, தக்கையினும் இலேசானது. பொங்கலுக்கு வாங்கிய மாலையில் இரண்டு சரத்தை மறைத்து வைத்துச் செதுக்கினோம். உடல் நெட்டி, கால்கள் ரப்பர், வாலில் வீட்டுச் சேவலின் இறகு. மிதக்கிறது. பல்பட்டால் உடைகிறது என்பது குறை. மான்மயிரை மீன் கவ்வும்போது அது மெத்தென்றிருப்பதால் உடனே துப்பாது என்று பையன் சொல்லியிருந்தான். நெட்டிக்கு அக்குணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நமக்குப் பேச இடம் கிடைப்பதில்லை. சென்ற வாரம் தந்தையார் தாமே செதுக்கிய நெட்டித் தவளையைக் கைப்பேசியின் முன் உயர்த்திக் காட்டினார். தமக்கை அழகாயிருக்கிறது என்றார். பின்னால் நின்ற பையன் திரையை நெருங்கி வந்து பார்த்தான். இப்போது அவன் குரல் உடைந்திருக்கிறது.

"தாத்தா, வயிறு பெருசு. முள்ள மறைக்குது. இன்னும் வெட்டணும்."

முழுவதும் தமிழ். தந்தையார் மறுமொழி சொல்லாமல் தவளையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, கைப்பேசியை நம்மிடம் கொடுக்காமல் மேசைமேல் சொம்பில் சாய்த்து நிறுத்திவிட்டு, பிளேடு எங்கே என்று தேடத் தொடங்கினார்.